முதலில் பில் ஓடட்டும்: கம்பெனி சாஃப்ட்வேர் கேள்வி-பதில்

கேள்வி: விற்பனை, ஸ்டாக், சம்பளம், கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சாஃப்ட்வேர் செய்ய நினைத்தோம். தேவைப் பட்டியல் எழுதியே ஒரு வருடம் ஓடிவிட்டது. எப்போது தொடங்கலாம்?

பதில்: பட்டியலை இன்றே மூடி வையுங்கள். தினமும் அதிகம் அடிபடுவது எந்த வேலையில்? பில் என்றால் பில்லை மட்டும் செய்து, அதைப் போடுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். "பாதி சரக்கு திரும்பி வந்தால் எங்கே பதிவது?" என்று ஒரு வாரத்தில் அவர் கேட்பார், அது உங்கள் பட்டியலில் இருக்கவே இருக்காது. 1999ல் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருள்களை ஒரே சமயத்தில் மாற்றப் போய், கிடங்கில் சரக்கு இருந்தும் சாக்லேட் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகை சீசனில் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியாமல் திணறியது.

கேள்வி: நாங்கள் இன்னும் எக்செல்தான். மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: அவசரமே இல்லை. ஒரே ஃபைலின் நகலை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, எது கடைசியாகத் திருத்தியது என்று தேட ஆரம்பிக்கும்போது மாற்றுங்கள்.

கேள்வி: சின்னதாகத் தொடங்கினால் பிறகு எல்லாவற்றையும் இடித்துக் கட்ட வேண்டி வராதா?

பதில்: நியாயமான பயம். திரையை, ரிப்போர்ட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உள்ளே போகும் தகவல் கெட்டுவிட்டால் மீட்பது பெரும்பாடு, அதனால் அதில் மட்டும் முதல் நாளிலிருந்தே கறாராக இருங்கள். ஒரே வாடிக்கையாளர் பெயரை நான்கு விதமாக டைப் செய்வார்கள், ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுங்கள். போன் நம்பரை எழுத்தாகவே சேமியுங்கள், எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். 03/04 என்று தேதி போட்டால் மார்ச்சா ஏப்ரலா என்று அடுத்த வருடம் யாருக்குத் தெரியும்? 2025-04-03 என்று வருடத்தை முன்னால் வையுங்கள். தப்பான பில்லை அழிக்க யாருக்கும் அனுமதி வேண்டாம். ரத்து என்று குறித்து, யார், எப்போது செய்தார் என்பதும் பதிவாகட்டும். அப்புறம் பேக்கப். எடுத்தால் மட்டும் போதாது, வேறொரு கம்ப்யூட்டரில் அதை மீட்டுத் திறந்து பாருங்கள்.

கேள்வி: பழைய சிஸ்டத்தை எப்போது நிறுத்துவது?

பதில்: ஒரு மாதக் கணக்கை இரண்டிலும் முடித்துப் பாருங்கள். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனால் மறுநாளே பழையதில் பதிவதை நிறுத்திவிட்டு, பார்ப்பதற்கு மட்டும் திறந்து வையுங்கள். இதற்குத் தேதி குறிக்காமல் விட்டால், இரட்டை வேலையில் சலித்துப்போய் ஊழியர்கள் இரண்டிலுமே அரைகுறையாகப் பதிவார்கள்.