வேலைக்குக் கை, கணக்குக்குத் தலை

அன்புள்ள அக்கா,

என் மகன் இந்த முறை ஓ.எல். பரீட்சை எடுக்கிறான். அவனுடைய இங்கிலீஷ் டியூஷன் சேர் ‘ஹேண்ட்’ என்ற ஒரே சொல்லை வைத்துப் பக்கம் பக்கமாக மரபுத்தொடர்கள் கொடுத்து, எல்லாவற்றையும் தமிழ் அர்த்தத்தோடு பாடமாக்கி வரச் சொல்லியிருக்கிறார். ‘ஹேண்ட்ஸ் டவுன்’ என்றால் ‘கையைக் கீழே போடு’ என்றும், ‘மில் ஹேண்ட்’ என்றால் ‘ஆலைக் கை’ என்றும் எழுதி வைத்திருக்கிறான். இவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ‘கைகழுவிவிட்டான்’ என்பதே நாம் இங்கிலீஷிலிருந்து எடுத்ததுதான் என்று சேர் சொன்னாராம், உண்மையா? ‘செகண்ட் ஹேண்ட்’ என்பதற்கு நல்ல தமிழ் என்ன? ஒரு உடம்புறுப்பை வைத்து அவர்கள் இத்தனை சொல்கிறார்களே, தமிழில் அந்த வளம் இல்லையே என்று கவலையாகவும் இருக்கிறது. நல்ல அகராதி ஒன்றும் சொல்லுங்கள். இங்கிலீஷ் தெரியாமல் இவனும் ஒரு கைநாட்டாகப் போய்விடக்கூடாது என்பதுதான் என் பயம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

பரீட்சைக் கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்குக் கொழும்பில் சந்திக்குச் சந்தி டியூட்டரி இருக்கிறது. உங்களுக்கு எழுத உட்கார்ந்தது அந்த ‘ஆலைக் கை’க்காக. தெரிந்தவர் ஒருவருக்காகப் பழைய தேயிலைத் தோட்டமொன்றின் கடிதக் கட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எந்தக் கடிதத்தைப் பிரித்தாலும் ‘ஹேண்ட்ஸ்’, தொழிலாளரைத்தான் அப்படி எழுதுகிறார்கள். இத்தனை ஹேண்ட்ஸ் காய்ச்சலில் படுத்திருக்கிறது, இன்னும் இத்தனை ஹேண்ட்ஸ் அனுப்பிவையுங்கள். கைக்கு மட்டும் தனியாகக் காய்ச்சல் வராது என்று எழுதிய துரைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ‘கைகள்’ என்று எழுதினேன், வெட்டினேன். ‘ஆட்கள்’ என்று எழுதினேன், அதையும் வெட்டினேன். அப்படி முழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் மகனின் ஆலைக் கை வந்து சேர்ந்தது. பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்தச் சொல் செய்கிற வேலையை அவன் கூச்சமில்லாமல் அப்படியே எழுதியிருக்கிறான்.

முதலில் அந்த ‘வளம்’. தமிழில் வளமில்லை என்று எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா? அவசரத்துக்குக் கைமாற்று வாங்குகிறோம், கேட்டவர் கைவிரிக்கிறார், இன்னொருவர் கைகொடுக்கிறார். கடை திறந்தால் கைராசிக்காரரைத் தேடுகிறோம். சித்திரைக்குப் பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குகிறோம். விலை கையைக் கடிக்கிறது. பிள்ளை கைமீறிப் போகிறான். மனஸ்தாபமான வீட்டில் கை நனைப்பதில்லை. சீட்டாட ஒரு ஆள் வராவிட்டால் ‘ஒரு கை குறையுது’ என்று தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிறோம். பலித்த மருந்து கைகண்ட மருந்து. சிங்களத்தில் அனுபவத்துக்கு ‘அத்தெகீம’ என்பார்கள், ‘அத’ கை, ‘தெகீம’ காண்பது. இரண்டு பாஷைக்காரருமே பட்டறிந்ததைக் கையால்தான் காண்கிறோம், அது இந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இவ்வளவையும் வாயில் வைத்துக்கொண்டு வளமில்லை என்று எழுதுகிறீர்கள். சேரின் தாளில் இல்லாவிட்டால் அது சொல்லே இல்லையா?

எனக்கென்றால் இங்கிலீஷ்காரர் கையைக் கண்ட இடத்தில் நாம் வேறொன்றைக் கண்டிருப்பதுதான் வேடிக்கை. மணிக்கூட்டில் அவர்களுக்குக் கை, நமக்கு முள். வாழைக்குலையில் ஒரு சீப்பை அவர்கள் ‘ஹேண்ட்’ என்பார்கள், ஒவ்வொரு பழத்தையும் விரல் என்பார்கள். கொட்டாஞ்சேனையில் நான் பழம் வாங்குகிற கடைக்காரர் அன்றைக்கு ஒரு சீப்புக் கோழிக்குத்தை வெட்டி என் முன்னால் நீட்டினார். வெட்டுவாயில் பிசின் கறுத்திருந்தது. அதற்குக் கீழே பழங்கள் இரண்டு வரிசையாக உள்பக்கம் வளைந்து, எதையோ பொத்திப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தன. ஓ, இதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அவர் சீப்பைத் தராசில் கவிழ்த்துப் போட்டார். பல்வரிசை மேலே வந்தது, மறுபடி சீப்பாகிவிட்டது. பாஷைக்குப் பாஷை கண் வேறு, அவ்வளவுதான். இதில் யார் பணக்காரர் என்று கேட்க என்ன இருக்கிறது?

கைகழுவுதல் விஷயத்தைக் கைகழுவிவிடுகிறேன். சேரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். கூட்டத்துக்கு முன்னால் தண்ணீர் எடுத்துக் கைகழுவிய, இயேசுவை விசாரித்த பிலாத்துவின் கதை பைபிளில் மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் அந்தக் காட்சி இல்லை. பிலாத்து எந்த ஊர்க் கவர்னர், கொள்ளுப்பிட்டியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தார்? அப்புறம் ‘செகண்ட் ஹேண்ட்’. ‘பாவித்த கார் விற்பனைக்கு’ என்று பேப்பர் விளம்பரத்தில் தினமும் வருகிறது. அதற்கு மேல் என்ன நல்ல தமிழ் வேண்டும்?

இனி ஆலைக் கை. வேலைக்காரனைக் கை என்று கூப்பிடுகிற வழக்கம் இங்கிலீஷில் பழையது. கப்பலில் மாலுமிகள் ‘ஹேண்ட்ஸ்’, புயல் வந்தால் ‘ஆல் ஹேண்ட்ஸ்’ மேல்தளத்துக்கு. பிறகு பஞ்சாலைகள் வந்தன, அங்கேயும் ‘ஹேண்ட்ஸ்’. அங்கிருந்து நம் மலைகளுக்கு. முதலாளிக்குத் தேவைப்பட்டது கை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வாயும் வயிறும் செலவுக் கணக்கு. தமிழிலும் ‘பழைய கை’, ‘பெரிய கை’ என்று ஆளைச் சொல்கிறோமே என்று நீங்கள் கேட்கலாம். அது தேர்ந்தவனையும் வசதிக்காரனையும் பார்த்துச் சொல்கிற மரியாதை. புல் வெட்டுகிறவனை நாம் ‘கை’ என்பதில்லை. கூலியையும் பாருங்கள். நமக்குக் கூலி என்றால் வேலைக்குக் கிடைக்கிற காசு. துரைமாரின் வாயில் அது காசு வாங்குகிற ஆளாகிவிட்டது.

தோட்டத்துச் சனங்கள் இதைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில். அங்கே ஒரு நாள் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். கொழுந்து நிறை காணுமென்றால் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் விழும். காணாவிட்டால் அரைப்பேர். இத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், 16 என்பார்கள், 18 என்பார்கள், சில இடங்களில் 20. அதிலும் சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தபோதும் பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டிக் கேட்டு அரைப்பேர் போடுகிறார்கள் என்றுதான் முறைப்பாடு வந்தது. சாயந்தரம் அம்மா கூடையை இறக்கிவைத்து, ‘இன்னைக்கி அரைப்பேருதான்’ என்பார். அம்மாவுக்கு மூன்றெழுத்துப் பேர். மூன்றெழுத்தில் அரையை எப்படி வெட்டுவார்கள், நடு எழுத்தைப் பிளப்பார்களா என்று நான் படுக்கையில் கிடந்து யோசித்திருக்கிறேன்.

துரை ஆளைக் கையாக்கினார், நாங்கள் காசைப் பேராக்கினோம். பேரைக் காசாக்கியதால் அதை வெட்டவும் வசதியாகப் போயிற்று என்பது உண்மைதான். ஆனாலும் வெட்டும்போது வெட்டுப்படுவது பேர் என்றாவது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வேலைக்குக் கை என்றவர்கள் எண்ணிக்கைக்கு வந்தபோது தலைக்கு மாறினார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடில்லாதவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 975,000 பேர் என்று கணக்கு. அதில் 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பிறகு பார்க்கலாம். பிறகு பார்த்தது 1974இல், நாட்டுக்கு 75,000. சரிபாதி. அரசாங்கங்களும் அரைப்பேர் போடும். எந்தத் தலையிடமும் நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று முதலில் கேட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போடவில்லை.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் கொட்டுகிறேன்? கடிதத்தின் கடைசி வரிக்காக. ‘கைநாட்டாகப் போய்விடக்கூடாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது யோசித்திருக்க மாட்டீர்கள், தெரியும். யோசிக்காமல் வருகிற சொல் என்பதால்தான் கோபம். துரை ஒரு மனுஷியைக் கையாக்கினார் என்றால் நீங்கள் அதையும் சுருக்கிப் பெருவிரலாக்கிவிட்டீர்கள். அதுவும் தமிழில், பிள்ளைமேல் உள்ள பாசத்தில்.

சம்பள நாளில் என் அம்மா கைநாட்டு வைப்பதை நான் வரிசையில் அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். ஊதா மை. கணக்கப்பிள்ளை விரலைப் பிடித்து அழுத்துவார். அந்தப் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் நீங்கள் கிட்டத்தில் பார்த்திருக்க வேண்டும். கொழுந்துக் கறை ஏறி, வெடிப்புக்குள் வெடிப்பாகக் கறுத்திருக்கும். கலியாண வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாள் எலுமிச்சந் தோலால் தேய்ப்பார், நகத்தோரம் மட்டும் போகாது. இரண்டு இலையும் மொட்டுமாக நுனியைக் கிள்ள அந்த இரண்டு விரலுக்கும் கண் தேவையில்லை. பக்கத்து நிரைக்காரியோடு மருமகள் கதை பேசிக்கொண்டிருப்பார், வலக்கை ஒரு பக்கம், இடக்கை ஒரு பக்கம் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள். முற்றின இலை ஒன்று தவறி வந்தால் கூடைக்குப் போகுமுன் விரலே அதைக் கழித்துப் போடும். இந்தக் கைக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியாது. இதைப் படிப்பறிவில்லாததற்கு அடையாளமாக வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடம் கட்டாதவனுக்கு அடையாளமாக ஒரு சொல்லை யாரும் உண்டாக்கவில்லை.

அம்மா என்னோடு கொழும்புக்கு வந்த பிறகு ஒரு பத்திரத்துக்காக அலுவலகமொன்றுக்குக் கூட்டிப்போனேன். இப்போது மை இல்லை, மெஷின். பெருவிரலை வைத்தார், சிவப்பு வெளிச்சம். சேலையில் துடைத்துவிட்டு வைத்தார், சிவப்பு. அங்கிருந்த பெண்பிள்ளை ஈரத் தாள் கொடுத்தாள், துடைத்தார், பிறகும் சிவப்பு. ஆட்காட்டி விரலும் அப்படியே. ரேகை தேய்ந்துவிட்டதாம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ‘இதுக்கும் அரைப்பேரா’ என்று இருந்தது. கடைசியில் அந்தப் பிள்ளை சிங்களத்தில் ‘சுண்டுவிரலை வைங்க அம்மே’ என்றாள். எடுத்துக்கொண்டது. கொழுந்து கிள்ளாத விரல். ஒரு வாழ்நாள் முழுக்கக் கைநாட்டு என்று பேர் எடுத்தவருக்குக் கடைசியில் நாட்டுவதற்குக் கைரேகைகூட மிஞ்சவில்லை. இனி அந்தச் சொல்லை என் காதுபட யாரும் சொன்னால் நான் சண்டைதான் பிடிப்பேன். நீங்கள் நல்ல மாதிரிக் கடிதம் எழுதுகிறவர் என்பதால் இத்தோடு விடுகிறேன்.

சரி, மகன். பாவம், அவனை மறந்தே போனேன். ‘ஹேண்ட்ஸ் டவுன்’ குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. மற்றக் குதிரைகள் எட்டாத தூரத்தில் பின்னால் வரும்போது, முன்னால் போகிறவன் கடிவாளத்தைத் தளர்த்திக் கையைக் கீழே விட்டுவிடுவான், அப்படியே வெல்லுவான். சிரமமில்லாத வெற்றி. கையைக் கீழே போடு என்று இவன் எழுதியது முக்கால்வாசி சரி, குதிரையைத்தான் காணவில்லை. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போனால் பந்தயத்தைக் காட்டுங்கள், காசு கட்டாதீர்கள். குதிரையின் உயரத்தையும் அவர்கள் கையால்தான் அளப்பார்கள், ஒரு கை 4 அங்குலம் என்பதையும் அங்கே வைத்தே சொல்லுங்கள். பாடமாக்கத் தேவையிருக்காது.

தாளில் உள்ள மற்றவற்றை அவனே பார்த்துக்கொள்வான். பயப்படுத்தாதீர்கள். கம்பஸில் சிங்களப் பிள்ளைகள் இங்கிலீஷைக் ‘கடுவ’ என்பார்கள், வாள் என்று அர்த்தம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த வாளை அவன் கழுத்தில் முதலில் வைத்தது டியூஷன் சேரா நீங்களா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது இங்கிலீஷில் பிழை பிழையாகக் கதைக்க விடுங்கள், சிரிக்காமல் கேளுங்கள்.

அகராதி கேட்டீர்கள். புதிது வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தடித்த இங்கிலீஷ் அகராதி எதையாவது எடுத்து ‘ஹேண்ட்’ இருக்கிற பக்கம் கிழிபடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொன்ன விலைக்கு வாங்காதீர்கள், பாதியிலிருந்து பேரம் தொடங்குங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், பையைத் தூக்க ஒரு கை வேண்டும்.

அன்புடன்,
அக்கா