உளவுத்துறையை எம்.பி. கேள்வி கேட்கலாமா?

கேள்வி: ஏனுங்க ஆசிரியரே, அமெரிக்காவில் சி.ஐ.ஏ. தலைவரையே செனட்டர்கள் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதை டி.வி.யில் காட்டுகிறார்கள். நம்ம கோயமுத்தூர் எம்.பி. அப்படி ரா தலைவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியுங்களா? அரசியல்வாதிகளிடம் ரகசியத்தைச் சொன்னால் மறுநாளே அது டீக்கடைக்கு வந்துவிடாதா?
– வாசகர் ஒருவர், பல்லடம்

பதில்: முடியாதுங்க. உளவு அமைப்புகளை மேற்பார்வையிடுவதற்கென்று ஒரு குழுவே நம் நாடாளுமன்றத்தில் கிடையாது. உள்நாட்டு உளவைப் பார்க்கும் ஐ.பி. 1887-ல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. வெளிநாட்டு உளவைப் பார்க்கும் ரா 1968-ல் ஆர்.என்.காவ் தலைமையில் உருவானது. இரண்டுமே அரசு உத்தரவில் பிறந்தவை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வரையறுக்கும் சட்டம் இரண்டுக்குமே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்திலும், ஊழல், மனித உரிமை மீறல் புகார்கள் தவிர மற்றவற்றில் விலக்கு உண்டு. ஐ.பி.க்கான தொகையாவது உள்துறை மானியத்தில் ஒரு வரியாகத் தெரியும். ராவுக்கு எவ்வளவு என்று தனிக் கணக்கே வருவதில்லை. உங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் தீவன மூட்டைக் கணக்கு உதைத்தால் பொதுக்குழுவில் எழுந்து கேட்கிறீர்கள். அந்த உரிமை இந்த விஷயத்தில் உங்கள் எம்.பி.க்கு இல்லை.

அதற்காக டி.வி.யில் பார்த்ததை வைத்து அமெரிக்காவை ஒரேயடியாக மெச்சிவிடவும் வேண்டாம். 1947-ல் சி.ஐ.ஏ. தொடங்கியபின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கேயும் பெரிதாக யாரும் கேட்கவில்லை. 1956-ல் செனட்டர் மான்ஸ்ஃபீல்ட் கூட்டுக் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றார். 59-க்கு 27 என்ற கணக்கில் தோற்றுப்போனது. சி.ஐ.ஏ. சொல்ல மறுக்கவில்லை, கேட்கத்தான் எங்களுக்குத் தயக்கம் என்று சால்டன்ஸ்டால் என்ற செனட்டர் அவையிலேயே சொன்னார். மக்கள் பிரதிநிதி வாயில் வரக்கூடாத வார்த்தை அது. சொந்த நாட்டு மக்களையே வேவு பார்த்த கதை 1974 டிசம்பரில் பத்திரிகையில் வெளிவந்தது. அதன் பிறகுதான் செனட்டர் ஃப்ராங்க் சர்ச் தலைமையில் விசாரணை நடந்தது. 1976-ல் செனட்டிலும் 1977-ல் பிரதிநிதிகள் சபையிலும் நிரந்தரக் குழுக்கள் வந்தன.

குழு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இங்கேதான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். குழுவைச் சமாளிக்க உளவுத்துறையும் பழகிக்கொண்டது. இதற்கென்றே சி.ஐ.ஏ.வில் தனி அலுவலகம் இருக்கிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை அங்கேதான் ஒழுங்கு செய்கிறார்கள்.

1984-ல் நடந்ததைப் பாருங்கள். நிகரகுவா துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்தது சி.ஐ.ஏ.தான். அதன் அப்போதைய தலைவர் வில்லியம் கேஸி செனட் குழு முன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அதில் கண்ணிவெடி பற்றி வந்தது ஒற்றை வாக்கியம். அதிலும் வைத்தவர்கள் அந்நாட்டு அரசை எதிர்த்த கிளர்ச்சியாளர்கள் என்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பின்னால் 'சொன்னீர்களா?' என்று கேட்டால் 'சொன்னோமே, பதிவில் இருக்கிறதே' என்று காட்டலாம். குழுத் தலைவர் பாரி கோல்ட்வாட்டர் அதிபர் ரீகனின் கட்சிக்காரர், சி.ஐ.ஏ.வுக்கு ஆதரவாளரும்கூட. அவரே கொதித்துப்போய்க் கேஸிக்குக் கடுமையாகக் கடிதம் எழுதினார். குழுவின் துணைத் தலைவர் மொய்னிஹன் பதவி விலகுவதாக அறிவித்தார். செனட் 84-க்கு 12 என்று கண்டனம் செய்தது. கேஸி வருத்தம் தெரிவித்து, இனி முறையாகச் சொல்கிறோம் என்று ஒப்பந்தமும் போட்டார். இரண்டே ஆண்டில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தது. அதைக் குழுவிடம் மறைத்திருந்தார்கள்.

இன்னொரு வழி, கைவிட்டு எண்ணக்கூடிய சிலரிடம் மட்டும் சொல்லி அவர்கள் வாயைக் கட்டிவிடுவது. 2003-ல் நீதிமன்ற அனுமதி இல்லாமல் ஒட்டுக்கேட்கும் திட்டத்தைச் செனட்டர் ராக்ஃபெல்லரிடம் சொன்னார்கள். சொந்த உதவியாளரிடமோ வழக்கறிஞரிடமோ அவர் அதைக் கலந்து பேசக்கூடாது. தட்டச்சு செய்யக்கூட யாரிடமும் கொடுக்க முடியாமல், துணை அதிபர் டிக் செனிக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார். நான் தொழில்நுட்பம் தெரிந்தவனும் இல்லை, வக்கீலும் இல்லை, இதை எப்படி மதிப்பிடுவேன் என்று அதில் கேட்டார். ஒரு நகலைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். இதையும் 'செனட்டுக்குத் தகவல் சொன்னோம்' என்றே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு அந்தக் குழு வேண்டும் என்றே தோன்றுகிறது. கைதிகளைச் சித்திரவதை செய்ததைச் செனட் குழுவின் ஊழியர்கள் விசாரித்தபோது, அவர்கள் பயன்படுத்திய கணினிகளுக்குள் சி.ஐ.ஏ. ஆட்கள் புகுந்து பார்த்தார்கள். 2014 மார்ச்சில் குழுத் தலைவி டயான் ஃபைன்ஸ்டைன் அவையில் எழுந்து அதைப் போட்டு உடைத்தார். முதலில் மறுத்த சி.ஐ.ஏ. தலைவர் ஜான் பிரென்னன் பிறகு மன்னிப்புக் கேட்டார். டிசம்பரில் அறிக்கையின் சுருக்கமே சுமார் 500 பக்கத்துக்கு வெளியானது. குழு என்ற ஒன்று இருந்ததால்தான் மன்னிப்பும் வந்தது, அறிக்கையும் வந்தது.

சரி, டீக்கடைக்கு வருவோம். அரசியல்வாதியிடமிருந்து ரகசியம் கசிந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். 1976-ல் உளவுத்துறையை விசாரித்த பிரதிநிதிகள் சபையின் பைக் குழு அறிக்கை பத்திரிகைக்குப் போனது உண்மை. ஆனால் பெரிய காட்டிக்கொடுப்புகளை யார் செய்தார்கள்? சி.ஐ.ஏ.வைச் சோவியத்துக்கு விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் அதே சி.ஐ.ஏ. அதிகாரி. 2004-ல் நேபாளம் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பிய ரவீந்தர் சிங் ராவின் இணைச் செயலர். இவர்களில் யாரும் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை.

இது நமக்கு எட்டாத டெல்லி விவகாரமும் இல்லை. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் கோவையில் 58 உயிர்கள் போயின. அன்று ஜி.எச்.சில் சொந்தக்காரரைத் தேடி அலைந்தவர்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள், உக்கடத்தில் கோயில் முன் கார் வெடித்தது. அதில் இறந்தவரை 2019-லேயே என்.ஐ.ஏ. விசாரித்திருந்தது. டெல்லியிலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததா, வந்தது வழக்கமான பொதுச் சுற்றறிக்கைதானா என்று கட்சிக்காரர்களும் காவல்துறையும் அறிக்கை விட்டு மோதிக்கொண்டார்கள். மூடிய அறையில் இரு தரப்பையும் உட்காரவைத்து, கோப்பைப் பிரித்துப் பார்த்து, ஓட்டை எங்கே என்று சொல்ல ஓர் அமைப்பு இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கேட்டவர்கள் இல்லாமலில்லை. 2010-ல் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஹமீது அன்சாரி, காவ் நினைவு உரையிலேயே நாடாளுமன்றக் கண்காணிப்பு வேண்டும் என்றார். 2011-ல் எம்.பி. மணீஷ் திவாரி தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத எம்.பி. தாமாகக் கொண்டுவரும் மசோதா, கொண்டுவந்தார். அப்போது ஆட்சியில் இருந்தது அவருடைய காங்கிரஸ்தான், ஆனாலும் அது நிறைவேறவில்லை. தனிநபர் மசோதாக்களில் இதுவரை சட்டமானவை 14, கடைசியாக ஆனது 1970-ல். ஆகவே அரசே கொண்டுவந்தால்தான் உண்டு. எந்தக் கட்சி அரசும் தானாகக் கொண்டுவராது.

பல்லடம் திருப்பூர் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்குக் கோவைத் தொகுதியில்தான் சேர்கிறது. உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். உளவு அமைப்புகளுக்குச் சட்டமும், தனி ஊழியர்கள் உள்ள நிரந்தரக் குழுவும் வேண்டும் என்று அவையில் பேசுவீர்களா என்று நேராகக் கேளுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.