சூடான பால் ஏன் முந்தியது? – கேள்வி பதில்

கேள்வி: பள்ளிப் பிள்ளைகள் அறிவியலில் புதிதாகக் கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் ஊதிப் பெருக்கிய கதைகள்தானே?

பதில்: பல கதைகள் அப்படித்தான். எராஸ்டோ எம்பெம்பாவின் கதை வேறு. 1963இல் இன்றைய தான்சானியாவில் பள்ளி மாணவர்கள் ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தார்கள். பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, பிறகே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இடம் பறிபோய்விடுமே என்ற அவசரத்தில் எம்பெம்பா சூட்டோடு வைத்துவிட்டார். ஆறவைத்த பாலை முந்திக்கொண்டு அவருடைய பால் உறைந்தது. ஆசிரியரிடம் கேட்டதற்கு, நீ குழம்பியிருப்பாய் என்று பதில் வந்தது. பிறகு பள்ளிக்கு வந்த டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியரிடமும் அதையே கேட்டார். உடனிருந்த மாணவர்கள் சிரித்தார்கள். ஆஸ்போர்னுக்கும் நம்பிக்கையில்லை, ஆனாலும் தம் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தார். 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது.

கேள்வி: சூடானது குளிர்ந்ததைவிடச் சீக்கிரம் உறையும் என்ற அந்த விளைவே உண்மையில்லை என்று படித்தேனே?

பதில்: அப்படிச் சொல்பவர்களும் உண்டு. நீர் ஆவியாதல், கரைந்த வாயுக்கள், வெப்பச்சலனம் என்று பல காரணங்கள் சொன்னார்கள். எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. வெப்பமானியை வைக்கும் உயரம் சற்று மாறினாலே முடிவு மாறக்கூடும் என்று 2016இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பையனின் கேள்வி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியலாளர்களைச் சண்டைபோட வைத்ததே, எனக்கு அதுவே போதும்.

கேள்வி: ஆய்வுக்கூட வசதி இல்லாமல் எதைச் செய்ய முடியும்?

பதில்: எமிலி ரோசாவுக்கு ஓர் அட்டைத் தடுப்பும் ஒரு நாணயமும் போதுமாக இருந்தன. தொடாமலே மனித உடலின் 'ஆற்றல் புலத்தை'க் கைகளால் உணர்வோம் என்று சொன்ன சிகிச்சையாளர்கள் 21 பேரைத் தடுப்புக்குப் பின்னால் இருந்தபடி கைகளை நீட்டச் சொன்னாள் அந்த அமெரிக்கச் சிறுமி. நாணயத்தைச் சுண்டி, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடித்து, எந்தக் கை என்று கேட்டாள். 280 முறையில் 123தான் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வந்திருக்கும்! சோதனையைத் தொடங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. பெரியவர்கள் அந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள், உங்களால் உண்மையிலேயே உணர முடிகிறதா என்று கேட்டாள்.

கேள்வி: ஆசிரியை நான். மாணவர் சொல்வது பாடநூலுக்கு மாறாக இருந்தால்?

பதில்: மறுக்குமுன் போய்ப் பார்த்துவிடுங்கள். 1956இல் இங்கிலாந்தின் சார்ன்வுட் காட்டுப் பாறையில் இலை போன்ற ஒரு தடத்தை டினா நீகஸ் என்ற 15 வயது மாணவி கண்டாள். அவ்வளவு பழைய பாறையில் புதைபடிவமே இருக்காது என்று ஆசிரியர் பேச்சை முடித்துவிட்டார். அடுத்த ஆண்டு ரோஜர் மேசன் என்ற மாணவர் அதையே பார்த்தார். அவருக்கு ஒரு நிலவியல் அறிஞரின் காது கிடைத்தது. 55 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான அந்த உயிரி 'சார்னியா மேசோனி' ஆயிற்று. பெயரில் டினா இல்லை.

கேள்வி: எம்பெம்பா பின்னாளில் இயற்பியலாளர் ஆனாரா?

பதில்: இல்லை. காட்டுயிர் மேலாண்மை படித்து, அந்தத் துறையிலேயே வேலை பார்த்தார்.