ஜாயிண்ட்ல தெரியற கருப்புப் புள்ளி எல்லாம் ஓட்டைதானா?

கேள்வி: சார், குன்னூர்ல ஏசி, ரேடியேட்டர் ரிப்பேர் பண்றேன். மழை, மூடுபனி சீசன்ல பிரேஸிங் (பைப்பை உருக்காம, ராடை மட்டும் உருக்கி ஒட்டறது) பண்ற அலுமினிய ஜாயிண்ட் அடிக்கடி லீக் ஆகுது. ஒண்ணை அறுத்து எமரி ஷீட்ல தேய்ச்சு, தெரிஞ்ச காலேஜ் லேப்ல மைக்ரோஸ்கோப்ல பார்த்தேன், முழுக்க கருப்புப் புள்ளி. ராடு மட்டமா, என் கை சரியில்லையா?

பதில்: தம்பி, ரெண்டையும் குறை சொல்றதுக்கு முன்னாடி தேய்ச்ச விதத்தை சந்தேகப்படுங்க. அலுமினியம் ரொம்ப மெத்து, எமரில இருந்து உடையற துகள் உள்ள குத்திக்கிட்டு நின்னுடும், பார்க்க அப்படியே ஓட்டை மாதிரி இருக்கும். அதனால துண்டை ரெசின்ல பதிச்சு, 320 நம்பர் எமரி ஷீட்ல இருந்து 1200 நம்பர் வரைக்கும் தண்ணி விட்டு லேசா தேய்ங்க, ஷீட் மாத்தறப்பல்லாம் நல்லா கழுவிட்டு குறுக்கா திருப்பிப் பிடிங்க, அப்புறம் 3 மைக்ரான், 1 மைக்ரான் டைமண்ட் பேஸ்ட். மறுபடி பாலிஷ் பண்ணதும் புள்ளி காணாம போச்சுன்னா அது ஜாயிண்ட்டோட குறை இல்ல. இன்னொரு விஷயம், நீங்க போடறது குளோரைடு ஃப்ளக்ஸ்னா (ஃப்ளக்ஸ்னா ஆக்ஸைடு படலத்தை எடுக்கப் பூசற பவுடர்) கடைசி பாலிஷுக்கு தண்ணி வேண்டாம், ஸ்பிரிட் போதும், இல்லேன்னா மாட்டியிருக்கற ஃப்ளக்ஸ் கரைஞ்சு போய் வெறும் பள்ளமா தெரியும்.

அதுக்கப்புறமும் நிக்கற புள்ளியோட வடிவத்தைப் பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. எடுத்தவுடனே 500 மடங்குக்குப் போகாதீங்க, முதல்ல 50 போதும். வழவழன்னு உருண்டையா இருந்தா கேஸ், பெரும்பாலும் ஹைட்ரஜன். உருகின அலுமினியத்துல கரையற ஹைட்ரஜன்ல சுமார் இருபதுல ஒரு பங்குதான் உறைஞ்ச அலுமினியத்துல தங்க முடியும், மிச்சம் குமிழா மாட்டிக்கும், அந்த ஹைட்ரஜன் வர்றது பெரும்பாலும் ஈரத்துல இருந்துதான். நம்ம மலையில மூடி திறந்து வச்ச ஃப்ளக்ஸ், பனி பட்ட ராடு, காலையில சில்லுன்னு இருக்கற பைப் எல்லாத்துலயும் ஈரம் இருக்கும். சீசன்லதான் லீக் ஆகுதுன்னு நீங்களே சொல்றதால என் சந்தேகம் முதல்ல இங்கதான்.

உருண்டையா இல்லாம கோணல்மாணலா இருந்தா உறையறப்ப சுருங்கினது, பெரும்பாலும் ஜாயிண்ட்ல இடைவெளி அதிகம்னு அர்த்தம்.

பைப் சுவரையும் பாருங்க. 12% சிலிக்கான் ராடு 577-582 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், 3003 ரக பைப் 643ல உருக ஆரம்பிக்கும், நடுவுல 60 டிகிரிதான், டார்ச்சை கொஞ்சம் அதிக நேரம் பிடிச்சாலும் ராடுல இருக்கற சிலிக்கான் பைப் சுவரை அரிச்சு மெலிசாக்கிடும். இந்த அரிப்பைப் பார்க்கறதுக்காக ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் கலந்த எட்ச்சிங் (ஆசிட் பட வச்சு உள்ளமைப்பைத் தெரிய வைக்கறது) எல்லாம் நீங்களா பண்ணாதீங்க, எலும்பு வரைக்கும் இறங்கற விஷம் அது, சிலிக்கான் எட்ச் பண்ணாமலே சாம்பல் கலர்ல தெரியும்.

இப்ப ரெண்டு ஜாயிண்ட் போடுங்க, ராடு, பைப், ஃப்ளக்ஸ் எல்லாத்தையும் சூடு காட்டி காய வச்சு ஒண்ணு, வழக்கம்போல ஒண்ணு. ரெண்டையும் அறுத்துப் பார்த்துட்டு உருண்டைக் குமிழ் குறைஞ்சுதா இல்லையான்னு ஃபோட்டோவோட எழுதுங்க.