விமான விதியை மீறும் நாட்டை யார் கேட்பது? – கேள்வி பதில்

விமானப் பராமரிப்பில் தொடங்கிப் பிறகு பாதுகாப்புத் தணிக்கைக்கு மாறியவன் நான். சர்வதேச விமான விதிகள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், இக்காவோ என்பது உலக விமானப் போலீஸா? அபராதம் போடுமா?

பதில்: போடாது. இக்காவோ (ICAO) என்பது ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. ஒரு விமானத்தைத் தரையிறக்கி நிறுத்தும் அதிகாரம்கூட அதற்கு இல்லை. 1944 டிசம்பர் 7-இல் சிகாகோவில் 52 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பிறந்த அமைப்பு அது. தலைமையகம் மான்ட்ரியலில். இன்று 193 நாடுகள் உறுப்பினர்கள். அந்த ஒப்பந்தத்தின் 19 இணைப்புகளில் விதிகளை வகுத்துக் கொடுப்பதோடு அதன் பங்கு பெரும்பாலும் முடிகிறது. அதைச் சட்டமாக்கி, ஆய்வாளர்களை வேலைக்கு வைத்துக் கண்காணிப்பது அந்தந்த அரசின் பொறுப்பு. இந்தியாவில் அந்த வேலை டிஜிசிஏ என்ற சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துடையது.

கேள்வி: அண்ணா, அப்படியானால் பிடிக்காத விதியை ஒரு நாடு விட்டுவிடலாமா?

பதில்: விடலாம் தம்பி, ஆனால் ஊரறியச் சொல்லிவிட்டுத்தான். எங்கள் நடைமுறை இந்த இடத்தில் வேறுபடுகிறது என்று இக்காவோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தத்தின் 38-ஆவது பிரிவு. வெளிநாட்டு விமானி அதைப் படித்துவிட்டு வருவார். வேறுபாட்டை விட, அதை மறைப்பதையே பெரிய ஆபத்தாக நான் பார்க்கிறேன்.

இன்னொன்று: 'தரநிலை' வேறு, 'பரிந்துரை' வேறு. பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதையின் முனைக்கு அப்பால், தாண்டி ஓடிவிடும் விமானத்துக்கான பாதுகாப்புப் பரப்பு 90 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது தரநிலை; 240 மீட்டர் இருந்தால் நல்லது என்பது பரிந்துரை. மங்களூரு, கோழிக்கோடு போல மேட்டின்மேல் அமைந்த ஓடுபாதைகளை நினைத்தால் நடுவிலுள்ள அந்த 150 மீட்டரின் அருமை தெரியும்.

கேள்வி: என் மகன் விமானி ஆகப் போகிறான். ஆங்கிலத்துக்குத் தனித் தேர்வு எதற்கு ஐயா?

பதில்: 1996 நவம்பரில் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் இருக்கச் சொன்ன கசாக் விமானம் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் குழுவினரின் ஆங்கிலக் குறைபாடும் விசாரணையில் பேசப்பட்டது. சர்வதேச வழித்தடங்களில் பறப்பவருக்கு ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலம் வேண்டும் என்ற இக்காவோ விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா.

கேள்வி: அபராதமே இல்லையென்றால் நாடுகள் ஏன் பயப்படுகின்றன?

பதில்: பிற நாடுகள் கதவைச் சாத்திவிடும் என்பதால்தான். தாய்லாந்தைப் பாருங்கள். நாடுகளின் கண்காணிப்பை இக்காவோ தணிக்கை செய்யும். 2015-இல் நடந்த அப்படியொரு தணிக்கையில், விமான நிறுவனங்களுக்கு அந்நாடு இயக்கச் சான்றிதழ் வழங்கும் முறையிலேயே பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. ஜப்பானும் தென்கொரியாவும் தாய் நிறுவனங்களின் புதிய சேவைகளுக்குத் தடை போட்டன. ஜூனில் இக்காவோ அந்நாட்டின் பெயருக்கு எதிரே சிவப்புக்கொடி குத்தியது. பிற நாடுகளின் கண்காணிப்பைத் தானே மதிப்பிடும் அமெரிக்காவும், டிசம்பரில் தாய்லாந்தை முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு, அதாவது இக்காவோ தரத்தை எட்டாத நாடுகளின் பிரிவுக்கு, இறக்கியது. தாய்லாந்து பழைய துறையைக் கலைத்துப் புதிய ஆணையம் அமைத்து, நிறுவனங்களுக்கு மறுபடி சான்றளித்தது. கொடி இறங்கியது 2017 அக்டோபரில். அமெரிக்கத் தரம் திரும்பியதோ 2025-இல்தான்!

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. 2014 ஜனவரி 31-இல் அமெரிக்கா இந்தியாவை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. முழுநேர ஆய்வாளர்கள் போதவில்லை என்பது முக்கியக் குறை. 75 பேரை எடுக்க அமைச்சரவை அந்த மாதம்தான் ஒப்புதல் கொடுத்திருந்தது. ஓராண்டுக்கு மேல் நம் நிறுவனங்களால் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியவில்லை. 2015 ஏப்ரலில் தரம் மீண்டது. ஆய்வாளர் பணியிடத்தைக் காலியாகப் போட்டுவைப்பதைச் சிக்கனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

கேள்வி: டிக்கெட் எடுக்கும்முன் பயணி எதைப் பார்ப்பது சார்?

பதில்: அமெரிக்கப் பிரிவு நாட்டின் கண்காணிப்புக்குக் கொடுக்கப்படுவது, தனி நிறுவனத்துக்கான மதிப்பெண் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வெளியிடும் தடைப்பட்டியலில் நிறுவனங்களின் பெயரே இருக்கும். பழக்கமில்லாத நிறுவனம் என்றால் முதலில் அந்தப் பட்டியலில் தேடுங்கள். பிறகு அந்த நாட்டின் தணிக்கை முடிவை இக்காவோவின் இணையதளத்தில் பாருங்கள். யாரும் பார்க்கலாம், கட்டணம் இல்லை.