மகளின் கணுக்காலில் குறையில்லை, ஸ்கேட்தான் பெரிது

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். எட்டு வயது மகள் இந்தப் பருவத்தில்தான் ஐஸ் ஹொக்கி விளையாடத் தொடங்கியிருக்கிறாள். சப்பாத்து அளவு 2. வளர்கிற பிள்ளைதானே, இரண்டு வருஷமாவது போடட்டும் என்று 3ஆம் அளவில் புது ஸ்கேட் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஐஸில் நின்றால் இரண்டு கணுக்காலும் உள்பக்கம் மடிகின்றன. அரை மணி நேரத்தில் உள்ளங்கால் நோகிறது என்று அழுகிறாள். கணுக்கால் பலவீனம், லேஸை இன்னும் இறுக்குங்கள் என்கிறார் பயிற்சியாளர். ஹெல்மட் பெரியம்மா மகன் போட்டது. ஸ்டிக், தகப்பன் தன்னுடையதை வெட்டிக் கொடுத்தது. பருவம் முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. இப்போது எதை மாற்றுவது, எதை அடுத்த வருஷத்துக்கு விடுவது என்று கேட்கிறார்.

ஸ்கேட்டை இப்போதே மாற்றுங்கள். கணுக்கால் உண்மையிலேயே பலவீனமான பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். பெரிய ஸ்கேட்டோடு வரும் பிள்ளையைக் காணாத கிழமை இல்லை.

ஹொக்கி ஸ்கேட்டின் எண்ணும் சப்பாத்தின் எண்ணும் ஒன்றல்ல. பெரும்பாலும் சப்பாத்தைவிட ஒரு அளவு அல்லது ஒன்றரை அளவு குறைந்த ஸ்கேட்தான் காலில் பொருந்தும். ஆகவே உங்கள் மகளுக்கு 1ஆம் அளவு, அல்லது அதற்கும் அரை அளவு கீழே. ஒரு முழு அளவு என்பது ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர். இப்போது அவள் காலுக்கு முன்னால் 1.7 சென்ரிமீற்றர் வெறும் இடம் இருக்கிறது. குதிகால் தன் குழியில் உட்காராமல் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்புகிறது. கணுக்கால் எலும்பு வந்து பதிவதற்கென்றே பூட்ஸின் இரு பக்கமும் மெத்தை வைத்துத் தைத்திருப்பார்கள். அந்த இடத்துக்கு எலும்பு வருவதேயில்லை. பிடிமானம் இல்லாத பிள்ளை என்ன செய்வாள்? விரல்களை மடக்கி அடித்தட்டைப் பற்றிக்கொள்வாள். உள்ளங்கால் நோவது அதனால்தான்.

நான் சொல்வதை நம்பாமல் இன்றிரவே வீட்டில் பாருங்கள். ஸ்கேட்டுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே இழுத்து நிலத்தில் வையுங்கள். அவள் குதிகாலைப் பின்விளிம்போடு ஒட்டிவைத்து அதன் மேல் முழுப் பாரத்தோடு நிற்கட்டும். பெருவிரலுக்கு முன்னால் மிஞ்சும் இடத்தைக் கண்ணாலேயே காண்பீர்கள். என்னிடம் வரும் பெற்றோருக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படுவதில்லை.

புதிதோ பழையதோ, கடையில் போட்டுப் பார்க்கும்போது ஒரே ஒரு மெல்லிய சொக்ஸ்தான் போட வேண்டும். குளிருக்கென்று எங்கள் வீடுகளில் இரண்டு கம்பளிச் சொக்ஸ் போட்டு விடுகிறோம். அது காலை உள்ளே வழுக்க வைக்கும். இரத்த ஓட்டம் குறைவதால் குளிரும் கூடத்தான் தெரியும். லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் உங்கள் சுண்டுவிரலை நுழையுங்கள். இறுக்கமாக நுழைந்தால் சரி. வளர்ச்சிக்கு விடக்கூடிய இடம் அவ்வளவுதான், அரை அளவு. பிறகு குதிகாலைப் பின்னால் இரண்டு தரம் தட்டச் சொல்லி லேஸ் கட்டுங்கள். எழுந்து முழங்காலை மடக்கினால் விரல் நுனி முன்மூடியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்.

நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினாலும் பிழையாகப் போகும். லேஸ் கட்டாமல் பூட்ஸின் நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, லேஸ் நுழையும் கண்களில் மேலிருந்து மூன்றாவதன் மட்டத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். பென்சில் அவள் காலில் முட்டினால் பூட்ஸின் ஆழம் போதாது, வேறு மாதிரி பாருங்கள். லேஸ் கட்டிய பிறகு இரு பக்கக் கண்களும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கினால் பூட்ஸ் அகலம் கூடியது. போவர் கம்பனி இந்த வடிவங்களை ஃபிட் 1, 2, 3 என்று பிரித்திருக்கிறது; சிசிஎம் ஒடுக்கம், சாதாரணம், அகலம் என்று பிரிக்கிறது. கம்பனிப் பெயரைப் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள், காலுக்கு எது பொருந்துகிறதோ அதுதான் நல்ல கம்பனி.

லேஸை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்குவது பிழை. விரல் பக்கம் சாதாரணமாக, கால் வளையும் இடத்தில் நன்றாக இறுக்கி, மேல் இரண்டு கண்ணில் கொஞ்சம் தளர்த்தி. மேலே இறுக்கினால் முழங்கால் முன்னுக்கு மடியாது, பிள்ளை விறைத்துப்போய் நிற்பாள்.

ஸ்கேட்டைச் சூடாக்கிக் காலுக்குப் பதிப்பதைக் கடைகளில் பேக் பண்ணுவது என்பார்கள். 80 பாகை செல்சியஸ் அளவில் அதற்கென்றுள்ள அடுப்பில் சில நிமிடம் வைத்து எடுத்தால், கணுக்கால் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தும்போது பூட்ஸ் இளகிக் கொடுக்கும். அந்தச் சூட்டோடு காலைவிட்டு லேஸை வெளிப்பக்கம் இழுக்காமல் முன்னோக்கி இழுத்துக் கட்ட வேண்டும்; சூட்டில் கண்கள் கழன்றுவிடும். பிறகு பதினைந்து நிமிடம் கதிரையில் அசையாமல் இருக்க வேண்டும், நடக்கவே கூடாது. ஐஸில் இறங்குவது மறுநாள்தான். வீட்டு அவனில் இதைச் செய்யாதீர்கள்: அதன் சூடு ஏறி இறங்கும், பசை விட்டுவிடும். எல்லா ஸ்கேட்டும் இதற்குத் தாங்காது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பேக் பண்ணினால் கடினம் குறையும். பெரிய ஸ்கேட் சிறிதாகாது.

புது ஸ்கேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே ஐஸில் இறக்கினீர்களா? அப்படியானால் அவள் மொட்டைக் கத்தியில் நின்றிருக்கிறாள். தொழிற்சாலையிலிருந்து வரும் பிளேட் விளையாடுமளவுக்குத் தீட்டப்பட்டிருப்பதில்லை. சுமார் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தப் பிளேட்டின் அடியில், சாணைக்கல் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் வெட்டுகிறது. வாய்க்காலின் இரு கரைகள்தான் ஐஸைப் பிடிக்கும் விளிம்புகள். கடைக்காரர் ‘எத்தனை வேண்டும்’ என்று கேட்பது, அந்தக் குழிவு எந்த ஆரையுள்ள வட்டத்தின் துண்டு என்பதை. எண் சிறிதானால் குழிவு ஆழம், பிடி கூட. 3/8 அங்குலம் ஐஸை நன்றாகக் கவ்வும், ஆனால் தொடங்கும் பிள்ளை நிற்கப் பார்க்கும்போது மாட்டிக்கொண்டு முன்னால் விழுவாள். 5/8 வழுக்கிக்கொண்டு ஓடும். உங்கள் மகளுக்கு 1/2 அங்குலம் என்று சொல்லுங்கள், ஒவ்வொரு தரமும் அதே எண்ணைச் சொல்லுங்கள். ஒரு கடையில் ஒன்றும் மறு கடையில் இன்னொன்றுமாகத் தீட்டினால் பிள்ளை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக வேண்டும். பத்துப் பதினைந்து மணி நேர விளையாட்டுக்கு ஒரு தரம் தீட்டினால் போதும். தீட்டி வாங்கிய கையோடு ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து பிளேட்டின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பாருங்கள். நாணயம் ஒரு பக்கம் சரிந்தால் ஒரு விளிம்பு உயரம், மற்றது பதிவு. அதுவும் கணுக்காலை மடக்கும். திருப்பிக் கொடுத்துச் சரியாகத் தீட்டச் சொல்லுங்கள்.

ஹெல்மட்டைப் பற்றி. பெரியம்மா மகனுடையது என்பதால் அது ஆகாதென்றில்லை. ஆனால் சிஎஸ்ஏ என்ற கனடியத் தரச் சங்கத்தின் முத்திரை ஹெல்மட்டிலும் முகக் கம்பியிலும் இருக்க வேண்டும். ஓட்டில் வெடிப்பு, உதிர்ந்த பஞ்சு, கம்பனி தராத பெயின்ற், ஏதாவது ஒன்று இருந்தாலும் வேண்டாம். புருவத்துக்கு மேல் ஒரு விரல் இடம் விட்டு நிற்க வேண்டும். ஹெல்மட்டைப் பிடித்து ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து ஆட வேண்டும். மகளுக்கு நீளத் தலைமுடி என்றால் உச்சியில் கட்டாதீர்கள். கொண்டை ஹெல்மட்டைத் தூக்கி முன்னால் சரித்துவிடும். பிடரியில் தாழ்வாக ஒற்றைப் பின்னல் போட்டு விடுங்கள்.

நீங்கள் கடிதத்தில் கழுத்துக் காப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கனடாவில் சிறுவர் ஹொக்கிக்கு பிஎன்கியூ என்ற கியூபெக் தர நிறுவனத்தின் முத்திரையுள்ள கழுத்துக் காப்பு கட்டாயம். 2023 ஒக்ரோபர் 28ஆம் திகதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆட்டத்தின் நடுவே ஆடம் ஜோன்சனின் கழுத்தில் ஸ்கேட் பிளேட் வெட்டி அவர் இறந்தார். தேர்ச்சி பெற்ற ஆட்டக்காரர், வயது 29. பயிற்சி நாளிலும் அது இல்லாமல் பிள்ளையை ஐஸில் இறக்காதீர்கள்.

ஸ்டிக். தகப்பனின் ஸ்டிக்கை வெட்டியதில் நீளம் குறைந்தது, விறைப்பு ஏறிவிட்டது. ஸ்டிக்கில் அச்சிட்டிருக்கும் ஃபிளெக்ஸ் எண், அதை ஒரு அங்குலம் வளைக்க எத்தனை இறாத்தல் பலம் வேண்டும் என்பதைக் காட்டுகிறது. பிள்ளையின் எடையில் பாதி என்பது நல்ல கணக்கு: 60 இறாத்தல் எடைக்கு 30. பெரியவர்களின் 85ஐ வெட்டினால் அது 100ஐயும் தாண்டும். உலக்கையைக் கொடுத்துப் பந்தடிக்கச் சொல்வது போலத்தான். ஸ்கேட் போட்டு நிற்கையில் ஸ்டிக்கின் நுனி நாடியில் நிற்க வேண்டும், ஸ்கேட் இல்லாமல் மூக்கில். இடதா வலதா என்பதை எழுதும் கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கனடாவில் வலக்கைக்காரர் பலர் இடப்பக்க ஸ்டிக்கைத்தான் பிடிக்கிறார்கள், ஏனென்றால் ஸ்டிக்கைத் திருப்பி ஆளும் மேல்கை அவர்களின் பலமான கை. முற்றத்தில் கிரிக்கெட் ஆடிப் பழகிய எங்கள் பிள்ளைகள் இதற்கு மாறாக வலதில் பிடிக்கலாம். ஒரு தும்புத்தடியைக் கொடுத்து நிலத்தைக் கூட்டச் சொல்லுங்கள். எந்தக் கை கீழே போகிறதோ, அந்தப் பக்க ஸ்டிக் வாங்குங்கள்.

மற்றவையெல்லாம் பழசே போதும். கணைக்கால் காப்பின் கிண்ணம் முழங்கால் சில்லின் நடுவில் உட்கார வேண்டும், காற்சட்டை அதன் மேல் ஒரு அங்குலமாவது மூட வேண்டும், கையுறைக்கும் முழங்கைக் காப்புக்கும் நடுவே தோல் தெரியக் கூடாது.

ஸ்கேட்டும் பழசு வாங்கலாம். பருவம் முடிய இரண்டு மாதம்தானே, புதிதுக்குக் காசு போடத் தேவையில்லை. பழைய ஸ்கேட்டின் கணுக்கால் பகுதியை இரு கையாலும் உள்பக்கம் அமுக்குங்கள். துணி போல மடிந்தால் விட்டுவிடுங்கள். அடியில் ஆணிகள் ஆடுகின்றனவா, தீட்டித் தீட்டி பிளேட் தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் 3ஆம் அளவை விற்காதீர்கள். பிளேட்டைத் துடைத்து, பிளாஸ்ரிக் உறையைக் கழற்றித் துணி உறை போட்டு அலுமாரியில் வையுங்கள். பிளாஸ்ரிக் உறைக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். அவள் சப்பாத்து அளவு 4 ஆகும் நாளில் வெளியே எடுத்து, பேக் பண்ணி, 1/2 அங்குலத்தில் தீட்டிக் கொடுங்கள்.