மழைக்குப் பிறகு கடல் பழுப்பாகிறதே, பிள்ளைகள் குளிக்கலாமா?

கேள்வி: பெசன்ட் நகரில் இருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்ததும் எலியட்ஸ் கடற்கரையில் தண்ணீர் பழுப்பாகிவிடுகிறது. வெறும் மண்தான், குளிக்கலாம் என்கிறார் என் கணவர். எத்தனை நாள் பிள்ளைகளைத் தடுத்து வைப்பது? அந்த நாட்களில் மீன் வாங்கலாமா?

பதில்: வெறும் மண் என்றால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் உங்களுக்கு வடக்கே, ஊரூர் ஆல்காட் குப்பத்தைத் தாண்டியதும் அடையாறு முகத்துவாரம் இருக்கிறது. கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைந்துவிடும். அலைகள் மணலைக் கொண்டுவந்து வாயில் மேடாக்கிவிடும். அதற்குப் பின்னால் சாக்கடைத் தண்ணீர் தேங்கி, அடியில் கருஞ்சேறு படியும். தெருக்களிலோ வண்டி சிந்திய எண்ணெய், டயர் தூள், நாய் மாட்டுக் கழிவு எல்லாம் காய்ந்து கிடக்கும். முதல் பெருமழை இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கடலுக்குத் தள்ளுகிறது. அதனால், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், பருவத்தின் முதல் வெள்ளம் பிறகு வருவதைவிட மோசம்.

கடலுக்குள் வந்ததும் எல்லாம் ஒன்றாகப் போவதில்லை. மணல் கனம், வாயருகிலேயே விழுந்துவிடும். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. ஆற்றுநீரில் தனித்தனியாக மிதந்து வருபவை, உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாக இறங்கும். ஈயம், துத்தநாகம், எண்ணெய்ப் பிசுக்கு போன்றவை பெரும்பாலும் இந்தக் களிமண்ணைப் பற்றிக்கொண்டுதான் வருகின்றன. கரைந்திருக்கும் அம்மோனியா, நைட்ரேட் முதலியவை தண்ணீரோடு இன்னும் தூரம் போய்ப் பாசிக்கு உரமாகும். ஆற்றுநீர் கடல்நீரைவிட லேசானது. அதனால் மேலே ஒரு படலமாகப் பரவிக் கரையை ஒட்டியே நகரும். பிள்ளைகள் முங்கி எழுவதும் அந்தப் படலத்தில்தான்.

அது எந்தப் பக்கம் போகும் என்பது முக்கியம். வாடைக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகும், அதாவது உங்கள் பக்கம். தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, பட்டினப்பாக்கம், மெரினா பக்கம் திரும்பும். (ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கித்தான் அதிகம் நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால்தான் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் கரை அரித்தது.)

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. மண்ணே நோய் தராது. ஆனால் குடல் கிருமிகளைக் கடலில் கொல்வதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. கலங்கல் நீரில் வெயில் இறங்காது, கிருமி கூடுதல் நேரம் பிழைத்திருக்கும். குளிக்கத் தகுந்த கடல்நீரில் 100 மில்லி லிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) எண்ணிக்கை 100க்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியாவின் அளவுகோல். சாக்கடை கலந்த வெள்ளம் அதை மிகச் சுலபமாகத் தாண்டிவிடும்.

சரி, எத்தனை நாள்? மழைக்குப் பின் 72 மணி நேரம் கடலில் இறங்காதீர்கள் என்பது லாஸ் ஏஞ்சல்ஸ் சுகாதாரத் துறையின் அறிவுரை. நமக்கும் அதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் மழை நின்ற நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில்தான் வருகிறது. 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஏரியில் தண்ணீர் திறப்பதாகச் செய்தி வந்துகொண்டிருக்கும்வரை உங்கள் மூன்று நாள் தொடங்கவே இல்லை. அது குறைந்து, மூன்று நாள் கழிந்து, கரையோரப் பழுப்பும் நாற்றமும் போயிருந்தால் காலை நனைக்கலாம். உடம்பில் காயம் இருந்தாலோ, தண்ணீரை விழுங்கும் சின்னப் பிள்ளையாக இருந்தாலோ இன்னும் சில நாள் பொறுங்கள். தண்ணீர் தெளிந்திருந்தாலும் வாடைக் காலத்தில் அங்கே அலை இழுக்கும், ஆழத்துக்கு விடாதீர்கள்.

அப்புறம் மீன். காசிமேட்டில் இறங்கும் ஆழ்கடல் மீனைத் தாராளமாக வாங்கலாம். முகத்துவாரத்தில் செத்து மிதந்த மீன் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கிளறிய சேறு ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் சாகும் மீன்கள் அவை. எப்போது செத்தது என்றே தெரியாது. அதைவிடக் கவனிக்க வேண்டியது மட்டி, ஆளி போன்ற சிப்பி வகைகள். இவை தண்ணீரை வடிகட்டி உண்பவை, அதிலிருக்கும் கிருமியும் உலோகமும் உடம்பில் சேரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் அப்படியே இருக்கும். ஆற்றுவாயில் எடுத்தது என்றால் மழை இல்லாத மாதத்திலும் வாங்காதீர்கள்.